பிடித்தால்தான் நிறம்

ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டி, தி.சுப்புலாபுரம் ஆகியவை தேனி மாவட்டத்தில் பருத்திச் சேலைக்குப் பெயர்பெற்ற நெசவு ஊர்கள். தறிக்கு வருமுன்பே நூல் சாயத்தொட்டியைப் பார்த்துவிடுகிறது. அந்த வேலையில் நான் குறிப்பாகக் கவனித்தது ரோஸ் நிறத்தை. சிவப்புச் சாயத்தைக் குறைத்துப் போட்டால் ரோஸ் வந்துவிடும் என்பது வெளியில் இருப்பவர்களின் எண்ணம். அளவைப் பொறுத்தவரை அது சரி. ஒரு கிலோ நூலை அடர் சிவப்பாக்க 30, 40 கிராம் சாயம் வேண்டும். ரோஸுக்கு 5 கிராம் அளவே போதும். ஆனால் அடர்நிறத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் திட்டு, ரோஸில் சேலை முழுக்கக் காட்டிக்கொடுக்கும். அதனால் சாயக்காரரின் திறமையைச் சோதிக்கும் நிறம் இதுதான்.

சாயப்பொடிக்குள் இருப்பது பாதி வேலை மட்டுமே. இந்தச் சாயங்களில் பல அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கோத்து நிற்க, இருபுறமும் கரிம வளையங்கள் இருக்கும். அந்த அமைப்பு வெளிச்சத்தில் உள்ள பச்சையை விழுங்கிவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்கு ரோஸாகத் தெரிகிறது. அதை நூலில் நிறுத்துவது மீதிப் பாதி. 1954இல் இங்கிலாந்தில் ராட்டி, ஸ்டீபன் என்ற இருவர், பருத்தியோடு வேதிப்பிணைப்பாகவே சேர்ந்துவிடும் ரியாக்டிவ் சாயத்துக்கு வழி கண்டார்கள். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. தண்ணீரில் பருத்தியும் சாயமும் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலருகே சேர்க்கிறது. பிறகு போடும் சோடா உப்புதான் பிணைப்பை நடத்துகிறது. சோடா முந்திவிட்டால் சாயம் பரவுமுன் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சாயம் சீராகப் பரவ, கழியில் தொங்கும் நூல் சிட்டங்களைத் தொழிலாளர்கள் ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எதை எப்போது போடுவது என்ற அந்தக் கணக்கு வேதியியல் அறிவேதான். அதைக் கூலி வேலை என்று ஒதுக்குவது அநியாயம்.

ரசாயனச் சாயமே விஷம், இயற்கைச் சாயமே நல்லது என்று ஒரு வாதம் உண்டு. அதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. பழைய தமிழகத்தில் சிவப்பேற்றிய சாயவேரில் இருப்பது அலிசரின் என்ற வேதிப்பொருள்; அதுவும் படிகாரம் இல்லாமல் பருத்தியில் நிலைக்காது. மறுபுறம், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டதற்குக் காரணமான ரோடமைன் பி என்ற செயற்கைச் சாயம், பட்டிலும் காகிதத்திலும் பளீரென்ற ரோஸ் தருவது. வெறும் பருத்தியில் அது சரியாக நிற்பதில்லை. உணவில் அதற்கு இடமே கிடையாது. ஆகவே கேட்க வேண்டியது வேறு: எந்தச் சாயம், எந்தப் பொருளில், எவ்வளவு உறுதியாகப் பிடித்தது, பிடிக்காதது எங்கே போனது?

கடைசிக் கேள்விதான் கனமானது. ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி நூலுக்குப் பதில் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. சோப்புப் போட்டு அலசும்போது அது வெளியேறும். போட்ட உப்பும் கூடவே போகும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டது இப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆபத்து ஆற்றுக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும்தான்: சாயப்பொடியின் துகள் மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரலாம். பருத்தியைப் பற்றும் அதே வேகம் உடலின் புரதத்தையும் பற்றும். இதையெல்லாம் தடுக்கக் கட்டுப்பாடு போட்டால் சிறு பட்டறைகள் மூடிவிடும் என்பார்கள். தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொன்னால் மூடித்தான் போகும். அந்தச் செலவைப் பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டுவதால்தான் இந்த நெருக்கடி. ஆண்டிபட்டிப் பக்கம் ஓடும் வைகை ஆற்றின் தண்ணீரை நம்பி மதுரை வரை மக்கள் வாழ்கிறார்கள். நெசவு ஊர்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது அரசின் கடமை. முகக்கவசமும் கையுறையும் கூலியோடு சேர்ந்த உரிமையாக வேண்டும். சேலை வாங்கும் நாமும், சாயம் போகுமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், போன சாயம் எங்கே போகிறது என்றும் கேட்கப் பழகுவோம்.