இருந்து படிக்க ஓர் இடம்

"பிள்ளை எங்கே இருந்து படிக்கிறாள் என்று ஒருக்கால் பார்த்துக்கொண்டு வாருங்கோ, அண்ணை."

அமெரிக்காவுக்கு நாம் புறப்படவிருந்த மாலையில், வட்டுக்கோட்டையிலுள்ள நண்பரொருவரின் மனைவியார் நம்மிடம் ஒப்படைத்த பொறுப்பு இதுவே. மகளுக்கென ஒரு குட்டான் பனங்கட்டியையும் கையில் தந்தார். அவர் மகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்து வருகின்றாள். அம்மையாரின் மனத்தில் நெடுநாளாக ஒரு குறை.

"மூன்று வருஷமாய்ப் போச்சு. வகுப்பும் இல்லையாம், சோதினையும் இல்லையாம். எந்த நேரம் கதைச்சாலும் நூலகத்தில் நிற்கிறேன் என்கிறாள். ஒரு நூலகத்துக்குள் மூன்று வருஷம் இருந்து செய்ய என்ன இருக்கு?"

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. பிள்ளைகளை உயர்படிப்புக்கு அனுப்பிவைத்த பெற்றோர் பலருடைய உள்ளத்திலும் இது உண்டு. ஆதலின், நேயர்களே, அத்தாயின் கண்ணோடு நாம் அங்கே கண்டவற்றை இங்கு எழுதுகின்றோம்.

பொஸ்டன் நகரிலிருந்து புகைவண்டி சாள்ஸ் நதியைப் பாலத்தின்மீது கடந்து, அக்கரையிலுள்ள கேம்பிரிட்ஜ் நகரை அடைகிறது. நாம் சென்றது இலையுதிர் காலம். மரங்கள் செம்மையும் பொன்னிறமுமாய்க் கனன்று நின்றன. செங்கற் கட்டிடங்களின் நடுவேயுள்ள பசும்புற்றரையிலே அப்பெண் நம்மை எதிர்கொண்டாள். "வாங்கோ மாமா" என்ற அவள் குரலில் வட்டுக்கோட்டை சிறிதும் மாறவில்லை.

1636 ஆம் ஆண்டில் தோன்றிய அக்கல்லூரிக்குப் பெயர் அளித்தவை நூல்களே எனலாம். 1638 இல் இறந்த யோன் ஹார்வர்ட் என்னும் இளங் குருவானவர் தம் சொத்திற் பாதியையும் ஏறத்தாழ 400 நூல்களையும் அதற்கு விட்டுச் சென்றார். அந்நன்றிக்காகவே அவர் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. ஆயினும் அந்நூல்கள் இன்று இல்லை. 1764 ஆம் ஆண்டு தை மாதத்திலே, பனிப்புயல் வீசிய ஓரிரவில், நூல்கள் இருந்த மண்டபம் தீப்பற்றி எரிந்தது. ஏறத்தாழ 5,000 நூல்கள் சாம்பராயின. யோன் ஹார்வர்ட் அளித்த நூல்களுள் ஒன்றே எஞ்சியது என்பர். மாணவன் ஒருவன் அதனை வெளியே எடுத்துச் சென்று திருப்பிக் கொடாதிருந்தமையால் அது பிழைத்ததாம்!

இக்கதையைக் கூறிய பெண் நகைத்தாள், நாமும் நகைத்தோம். பின்னர் இருவரும் சிறிதுநேரம் பேசாது நடந்தோம். 1981 ஆம் ஆண்டு வைகாசி முடிந்து ஆனி பிறந்த அவ்விரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், அதனோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதையும் நினையாமல் யாழ்ப்பாணத்தார் எவராலும் இக்கதையைக் கேட்க இயலாது. அங்கே மூண்டது தற்செயலாய் நேர்ந்த தீ. இங்கே மூட்டப்பட்டது மனிதர் வைத்த தீ. இரண்டிடத்தும் நூலகம் மீண்டும் எழுந்தது என்பதே ஆறுதல்.

ஒரு தாய் கட்டிய மாளிகை

பெருந்தூண்கள் வரிசையாய் நிற்க, அகன்ற படிகளின்மேல் உயர்ந்து தோன்றுவது வைட்னர் நூலகம். இதனைக் கட்டுவித்தவர் ஒரு தாயார். ஹரி வைட்னர் என்னும் இளைஞர் 1907 இல் ஹார்வர்டிலே பட்டம் பெற்றவர். அருநூல்களைத் தேடிச் சேர்ப்பதிற் பெருவேட்கை கொண்டவர். 1912 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் 'டைட்டானிக்' கப்பல் மூழ்கியபோது, தந்தையாரோடு அவரும் மாண்டார். அப்போது அவருக்கு வயது 27. படகேறித் தப்பிய தாயார் எலினோர் அம்மையார், மகனின் நினைவாக இம்மாளிகையை எழுப்பிக் கொடுத்தார். 1915 இல் இது திறக்கப்பெற்றது. நடுவேயுள்ள நினைவறையில் ஹரியின் படமும் அவர் சேர்த்த நூல்களும் உள்ளன. படத்தின்முன் மலர் வைப்பது நெடுநாளைய வழக்கம்.

தன் பிள்ளை இருந்து படிக்க இயலாமற் போன இடத்திலே ஊரார் பிள்ளைகள் இருந்து படிக்கட்டும் என்று ஒரு தாய் எண்ணினாள். நம் ஊர்த் தாயொருத்தியின் மகள் இன்று அங்கே இருந்து படிக்கின்றாள்.

உரிய அனுமதியுடன் நாம் உள்ளே சென்றோம். வாயிலிலே காவலர், பனங்கட்டிக் குட்டானைக் கண்டு தலையசைத்தார். உணவுப் பொருள் நூல்களின் அருகே போகலாகாது. மீண்டும் படிக்கு வந்து, இருவருமாய் வெயிலில் அமர்ந்து பனங்கட்டியைத் தின்று முடித்தோம். வெறுங் குட்டானை அவள் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

யன்னலோரக் கதிரை

பொதுவாசகர் காணும் பெருமண்டபத்தைக் கடந்தால், நூலடுக்குகள் நிற்கும் பகுதி வருகிறது. பத்துத் தளங்கள், அவற்றிற் சில நிலத்தின் கீழே. அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாய் நீட்டி வைத்தால் ஏறத்தாழ 57 மைல் நீளும் என்றும், நூல்கள் 30 இலட்சத்துக்கு மேல் என்றும் சொன்னார்கள். அடுக்குகளிடையே உள்ள ஒடுங்கிய வழியாக அவள் விரைந்து நடந்தாள். நாம் வழி தவறிவிடுவோமோ என்னும் அச்சத்துடன் பின்தொடர்ந்தோம்.

ஈற்றில் ஒரு யன்னலோரத்தில் நின்றாள். "இதுதான் மாமா, என்ர இடம்."

ஒரு சிறிய மேசை, மேலே ஒரு தட்டு, ஒரு விளக்கு, ஒரு கதிரை. அவ்வளவே! தட்டிலே அவள் பெயரிற் பதிந்தெடுத்த நூல்கள் நிமிர்ந்து நின்றன. 'கரல்' என்று இதனை ஆங்கிலத்தில் அழைப்பர். பண்டை நாளில் மடங்களிலே துறவிகள் இருந்து எழுதிய மாடங்களுக்கு வழங்கிய பெயர் இது. இங்கிலாந்திலுள்ள குளொஸ்டர் பேராலயத்தின் தாழ்வாரத்தில் இத்தகைய 20 மாடங்களை இன்றுங் காணலாம். வைட்னர் நூலகத்தைக் கட்டியவர்கள் தொடக்கத்திலேயே நூலடுக்குகளின் ஓரமாக இப்படி ஏறத்தாழ 300 இருக்கைகளை அமைத்தார்கள். ஆராய்ச்சி மாணவர் விண்ணப்பித்து இவற்றைப் பெறுவர்.

இதனால் என்ன பயன் என்று கேட்டோம். அவள் கூறிய விடை எளியது. ஆராய்ச்சி என்பது ஒரு நூலைப் படிப்பதன்று. முப்பது நூல்களை ஒரே காலத்தில் திறந்து வைத்து, ஒன்று சொல்வதை மற்றொன்று மறுப்பதைக் கவனிப்பது. மாலைதோறும் அவற்றைத் திருப்பிக் கொடுத்து, காலைதோறும் மீண்டும் கேட்டுப் பெறுவதாயின், நாளின் பாதி அதிலேயே கழியும். நேற்று விட்ட இடத்தில் இன்று தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டும்.

இவ்விடை நம் நெஞ்சில் தைத்தது. நாம் படித்த காலத்தில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு நூலகத்திலே, நடைவழியில் நின்றபடியே பக்கம் பக்கமாகக் கையால் எழுதியெடுத்தோம். மறுநாட் காலை போனால் அந்நூலை வேறொருவர் கொண்டுபோயிருப்பார். முடிக்காது கைவிட்ட கட்டுரையொன்று இன்றும் நம் பெட்டியில் உறங்குகின்றது.

பட்டப்படிப்பு மாணவர் கூட்டத்தில் ஆராய்ச்சியாளர் நெரிபடாதிருக்க வேண்டும் என்பதையும், இளமாணவருக்கும் தமக்கென ஓர் இடம் வேண்டும் என்பதையும் அங்கே முன்னரே உணர்ந்திருந்தனர். 1949 இல் இளமாணவருக்கென்றே லமொன்ட் நூலகம் பக்கத்தில் திறக்கப்பட்டது. ஆனால் அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1967 ஆம் ஆண்டிலேதான்! எல்லாம் அங்கே முதல் நாளே செம்மையாய் இருந்ததென்று எண்ணவேண்டியதில்லை.

தேடாமற் கிடைத்த குறுந்தொகை

நூலடுக்குகளிடையே மாணவரைத் தடையின்றி உலவவிடுவது அவசியந்தானா? பட்டியலைப் பார்த்து, வேண்டியதைக் கேட்டு வாங்கினாற் போதாதா? இதற்கு விடையாக, தமிழுலகம் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சி உண்டு. அது நடந்தது ஹார்வர்டிலன்று, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில். 1962 ஆம் ஆண்டிலே, மைசூரிற் பிறந்த அறிஞர் ஏ. கே. இராமாநுசன், பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடி அங்குள்ள ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறை அடுக்குகளிடையே சென்றார். தேடிப் போனது வேறு; கைக்கு அகப்பட்டது உ. வே. சாமிநாதையர் 1937 இற் பதிப்பித்த குறுந்தொகை. அதிலிருந்து அவர் ஆங்கிலத்தில் ஆக்கிய மொழிபெயர்ப்பு 1967 இல் வெளிவந்தபோது, சங்கக் கவிதையின் சுவையை ஆங்கில உலகம் பரவலாக அறிந்தது. அடுக்குகளுக்குள் போக அவருக்கு வழியில்லாதிருந்தால், கேட்கத் தெரியாத அந்நூலை அவர் எவ்வாறு கேட்டிருப்பார்?

கேட்க ஓர் ஆள்

இடமும் நூலும் இருந்தால் மட்டும் போதாது. வழி கேட்க ஓர் ஆளும் வேண்டும். அப்பெண்ணின் ஆராய்ச்சி, 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனாரிமாரையும், அவர்கள் 1823 முதல் 1855 வரை நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியையும் பற்றியது. சி. வை. தாமோதரம்பிள்ளை பயின்ற கலைக்கூடம் அது. தொடக்கத்தில் அவள் தேடிய பலவும் அகப்படவில்லை. துறைக்குரிய நூலகரிடம் சென்றபோது, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அந்நாளில் வெள்ளையர் நம் ஊர்ப்பெயர்களை எப்படி எப்படியெல்லாம் எழுதினர் என்று பட்டியலிடச் செய்தாராம். வட்டுக்கோட்டை 'பட்டிக்கோட்டா' ஆயிற்று. உடுவில் 'ஊடூவில்' ஆயிற்று. தெல்லிப்பழை 'தில்லிப்பள்ளி' ஆயிற்று. அப்பெயர்களைக் கொண்டு தேடியதும், பூட்டிய கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.

வைட்னரின் அருகே 1942 இல் திறக்கப்பட்ட ஹோட்டன் நூலகத்தில், அந்த அமெரிக்கச் சங்கத்தின் பழம்பத்திரங்கள் காக்கப்படுகின்றன. அங்கே பேனா கொண்டு செல்லலாகாது; பென்சில் மட்டுமே அனுமதி. யாழ்ப்பாணத்து வெயிலையும், வாந்திபேதிக் காலத்தையும், பள்ளிப் பிள்ளைகளின் படிப்பையும் எழுதி, கப்பலேற்றி அனுப்பிய கடிதங்கள், மாதக்கணக்கிற் கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தன. நம் பாட்டன்மாரின் கதையை அறிய, பேத்தியும் கடல் கடந்து வரவேண்டியதாயிற்று. ஆயினும் ஒன்று சொல்வோம்: அவள் வேண்டிய சில பழைய நூல்கள் அம்மாளிகையில் இல்லை. 2005 முதல் நம்மவர் நடத்திவரும் 'நூலகம்' என்னும் மின்னூலகத்திலேயே அவை அவளுக்குக் கிடைத்தன. கொடுக்க நம்மிடமும் உண்டு.

இரண்டு இருக்கைகள்

ஹார்வர்டிலே தமிழுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமைய, உலகெங்குமுள்ள தமிழர் பொருள் வழங்கினர். 2018 இல் 60 இலட்சம் டொலர் நிதி நிறைவெய்தியது. ஈழத்தமிழரும் அதில் பங்குகொண்டனர். பெருமைக்குரிய பணி அது. ஆனால் அந்த யன்னலோரத்தில் நின்றபோது, 'இருக்கை' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் நமக்குப் புலப்பட்டது. பேராசிரியருக்கு ஓர் இருக்கை வேண்டும். மாணவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். முன்னையதற்கு இலட்சக்கணக்கான டொலர் செல்லும். பின்னையதற்கு ஒரு மேசையும், விளக்கும், கதிரையும், பூட்டக்கூடிய ஒரு தட்டும் போதும்.

நம் நாட்டிலும் பகலிற் பள்ளியிற் படிப்பித்து, மாலையில் ஆராய்ச்சி செய்வோர் பலர் உளர். வீட்டிலே பிள்ளைகள் உறங்கியபின் சமையலறை மேசையில் எழுதுவோரும் உளர். கோயிலுக்குத் தேர் செய்து கொடுக்கும் ஊர்ச்சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், தத்தம் ஊருக்கு அருகிலுள்ள நூலகத்திலே பத்துப்பேர் இருந்து ஆராயத்தக்க ஓர் அமைதியான அறையை அமைத்து உதவினால், அது வீண்போகாது. ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் வாரத்தில் இரண்டு மாலை அங்கே வந்திருந்து வழிகாட்டினால், அவர் செய்யும் தொண்டு பெரிது.

ஊர் திரும்பியதும் அம்மையாரைக் கண்டோம். நாம் எடுத்துவந்த படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மேசை, விளக்கு, கதிரை, நூல்கள். அவற்றின் நடுவே, ஐந்தாறு பென்சில்களைத் தாங்கி நின்றது அவர் கொடுத்தனுப்பிய பனையோலைக் குட்டான்.

"நல்ல வெளிச்சமான இடந்தான்" என்றார். படத்தைத் திருப்பித் தரவில்லை. சற்றுப் பொறுத்து, "இனி நூலகத்தில் நிற்கிறேன் என்றால் நான் கோபிக்க மாட்டேன் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்றார்.

சொல்லிவிட்டோம்.