துணியும் துணிவும்

வகுப்பில் ஒரு நாள் 'துணிவு' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். "பயமின்மை, ஐயா" என்றான் ஒரு மாணவன். பிழையென்று தள்ள இயலவில்லை. நிறைவென்று கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. என் நினைவு அத்தாவின் கடைக்குச் சென்றது.

அத்தா சிறியதொரு துணிக்கடை வைத்திருந்தார். கேட்ட அளவை ஒருமுறைக்கு இருமுறை அளப்பார். பின்பு ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டி, ஒரே இழுப்பில் கிழிப்பார். "அளக்கும்போது யோசிக்கலாம், கத்தரி வச்ச பிறகு யோசிக்கக் கூடாது" என்பார்.

துணித்தல் என்றால் வெட்டுதல், வெட்டப்படுவது துணி. ஆடைக்கு 'அறுவை' என்றும் பழம்பெயர் உண்டு. அதுவும் அறுத்தலில் பிறந்ததே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனச் சங்கப் புலவர் ஒருவரும் இருந்தார். துணிதல் என்னும் வினைக்கோ தெளிதல், முடிவு செய்தல் என்னும் பொருள்களும் உள. சங்க இலக்கியத்தில் 'துணிநீர்' என்பது தெளிந்த நீர். வினைசெயல்வகை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர், ஆராய்ச்சியின் முடிவையே துணிவு என்கிறார். துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்றும் எச்சரிக்கிறார். தெளிவும் முடிவும் இன்றி வெறும் அஞ்சாமை மட்டும் துணிவாகிவிடாது.

பள்ளியிறுதித் தேர்வு முடிந்த கோடையில் அத்தா என்னைக் கடைக்கு அழைத்தார். நானோ தமிழ் பயில விரும்பினேன். மூத்த மகன் நான். கடையில் வேறு துணையும் இல்லை. பல நாள் நாவெழவில்லை. அவர் செருமினாலும் துணுக்குற்றேன். ஒரு நாள் இரவு, கடையடைக்கும் வேளையில் சொல்லிவிட்டேன். கைகள் நடுங்கின.

அவர் அளவுகோலைச் சுவரில் சாய்த்துவைத்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நல்லா அளந்து பாத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"பாத்துட்டேன், அத்தா."

"அப்ப சரி."

அதன்பின் முதுமை தடுக்கும்வரை தனியாகவே கடையை நடத்தினார். என்னிடம் ஒரு சொல்லும் குறைகூறவில்லை.

அன்று எனக்குப் பயம் இருந்தது, துணிவும் இருந்தது. அத்தாவுக்கும் அவ்வாறே இருந்திருக்கும் என்பதை, என் மகன் தன் படிப்பைத் தானே தேர்ந்த நாளில்தான் உணர்ந்தேன். அவனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். என் குரல் நடுங்கியது.

மாணவச் செல்வங்களே, நேர்முகத் தேர்வின் வாயிலில் நெஞ்சு படபடத்தால், துணிவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அளந்து பார்த்துவிட்டோமா என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.