சத்தம் கேட்டவன்

நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் மூன்று தினுசு உண்டு. அந்தப் பெண்ணை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்பவை ஒன்று. என் சொந்தக் கதையையே எழுதிவிட்டீர்களே என்பவை இரண்டு. மூன்றாவது தினுசில் பாராட்டும் இராது, கோபமும் இராது. இத்தனாம் பக்கம், இத்தனாம் வரி, தவறு என்று மட்டும் இருக்கும். முதல் இரண்டுக்கும் பதில் எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்படி ஒரு கடிதம் எனக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்தது.

என் நாவல் ஒன்றில் பம்பாய்த் துறைமுகத்துக் குமாஸ்தா ஒருவர் வருகிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி அங்கே வெடித்த 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பலில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். குமாஸ்தா கற்பனை, கப்பல் கற்பனையல்ல. பஞ்சுப் பொதிகளையும் சுமார் 1,400 டன் வெடிமருந்தையும் ஒரே வயிற்றில் சுமந்து வந்த கப்பல் அது. மத்தியானம் புகைய ஆரம்பித்தது. தீயணைக்கும் படையினர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். நாலு மணிக்கு மேல் ஒரு தடவை வெடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு தடவை. இறந்தவர்கள் எண்ணூறு பேர் என்றும் சொல்கிறார்கள், ஆயிரத்து முந்நூறு என்றும் சொல்கிறார்கள்.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான். கப்பல் தட்டிலே நிற்கும் குமாஸ்தாவுக்குக் காதைப் பிளக்கும் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்க்கிறார். நெருப்பு ஒரு சுவராக எழுந்து தம்மை நோக்கி வருகிறது. ஊரில் விட்டு வந்த மகளின் முகம் நினைவுக்கு வருகிறது. கை கூப்புகிறார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன் என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வந்தான்.

காஞ்சிபுரத்துக் கடிதத்தில் இரண்டே வரி. "அவ்வளவு அருகில் நின்றவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க முடியாது. திரும்பிப் பார்த்திருக்கவும் முடியாது." கீழே கையெழுத்து, விலாசம்.

தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு காஞ்சிபுரம் போக நேர்ந்தது. பெண்டுகள் ஜவுளிக் கடைப் பாயில் உட்கார்ந்துவிட்டால் பகல் சாப்பாட்டுக்குமுன் எழுந்திருப்பது கிடையாது. மெதுவாக நழுவி, வரதராஜர் கோயில் பக்கம் போகும் ஆட்டோ ஒன்றில் ஏறினேன்.

தெருவிலே பாவு நீட்டியிருந்தார்கள். அதை மிதிக்காமல் ஓரமாகப் போய் விலாசத்தைக் கண்டுபிடித்தேன். முன்கட்டில் தறி. பின்கட்டில் கடிதக்காரர். எழுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, ரசாயனம் படித்து, வடக்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்து தங்கியிருக்கிறார்.

"தப்பா எடுத்துக்கலையே, தம்பி?" என்றார்.

"இல்லைங்க ஐயா. ஏன் கேட்டிருக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அவர் உள்ளே பார்த்து இரண்டு காப்பி சொன்னார்.

"எரியறது வேறே, வெடிக்கிறது வேறே. நாம ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கிறோம்" என்று ஆரம்பித்தார். தீபாவளி வெடியில் இருப்பது எரிகிற மருந்து. தீ தன் சூட்டை அடுத்த பொடிக்குக் கொடுக்கிறது, அது அதற்கடுத்த பொடிக்கு. பந்தியில் பாத்திரத்தைக் கைமாற்றுகிற மாதிரி. எவ்வளவு அவசரப்பட்டாலும் அதற்கு ஓர் அளவு உண்டு. உள்ளே சேர்ந்த வாயு, சுற்றியிருக்கும் காகிதத்தையும் நூலையும் கிழித்துக்கொண்டு வருவதுதான் நாம் கேட்கும் 'டமார்'. அருவங்காட்டில் 1903-இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த தொழிற்சாலையின் கார்டைட்டும் எரிவதற்குச் செய்ததுதானாம். அது எரிந்து குண்டை வெளியே தள்ள வேண்டும். நிஜமாகவே வெடித்துவிட்டால் பீரங்கிக் குழாயே சிதறிவிடும்.

"அப்போ நிஜமா வெடிக்கிறதுன்னா?"

"அதுக்குச் சூட்டைக் கைமாத்திக்கிட்டு இருக்க நேரமில்லை. நசுக்கியே கொளுத்திடும்."

சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடுகிறதே, அதுதான் இங்கே நடப்பது. நசுங்கின காற்று சூடாகிறது. வெடிமருந்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் இருக்கும். பலத்த அதிர்ச்சி ஒன்று பாய்ந்தால் அவை நசுங்கி, அந்தந்த இடத்தில் பொறி பற்றிக்கொள்ளும். கேம்பிரிட்ஜில் பௌடன், யோஃபி என்ற இருவர் 1952-இல் இதைப் பற்றிப் புஸ்தகமே போட்டிருக்கிறார்கள்.

"அதிர்ச்சின்னா போகப் போக அடங்கிடாதா?" என்று கேட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

கிழவர் சிரித்தார். 2019-இல், நாற்பது வருஷத்துக்கு ஒரு தரம் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரை ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை ஊரே முண்டியடித்துத் தரிசித்ததல்லவா? அந்தக் கூட்டத்தில் இவரும் நின்றிருக்கிறார். பின்னால் ஒருவன் இடித்தால் அந்த இடி பத்துப் பேரைத் தாண்டி வரும், அப்புறம் அடங்கிப்போகும். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், இடி மட்டும் ஓடும். "இப்போ ஒவ்வொருத்தனும் இடிபட்ட கோபத்திலே தன் சொந்தப் பலத்தையும் சேர்த்து முன்னே இருக்கிறவனை இடிச்சான்னு வையுங்க. அந்த இடி அடங்குமா?"

அடங்காது. முன்னால் ஓடுவது அதிர்ச்சி. அதன் காலடியிலேயே மருந்து எரிகிறது. எரிந்த வேகம் அதிர்ச்சியை முன்னுக்குத் தள்ளுகிறது. இந்தச் சித்திரத்தை 1940-இல் ரஷ்யாவில் ஜெல்டோவிச்சும், 1942-இல் அமெரிக்காவில் ஃபான் நாய்மனும், 1943-இல் ஜெர்மனியில் டோரிங்கும் தனித்தனியே போட்டு முடித்தார்கள். ஒருவர் நாட்டின் மேல் ஒருவர் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கணக்கில் மட்டும் மூவருக்கும் ஒரே விடை!

அவர்களுக்கு முன்பே வேகத்தின் கணக்கை 1899-இல் இங்கிலாந்தில் சாப்மனும், சில வருஷம் கழித்து பிரான்சில் ஜூகேயும் போட்டு வைத்திருந்தார்கள். அதன் சாரம் எனக்கு ஏதோ வேதாந்தம் போலப் பட்டது. எரிந்து முடிந்த வாயு, அலைமுகத்தை விட்டு ஒலியின் வேகத்தில் பின்தங்குகிறது. ஆகையால் பின்னால் எது நடந்தாலும் அந்தச் செய்தி முன்னால் ஓடுகிற அலையை எட்டவே எட்டாது. அது தன் பாட்டுக்குத் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். டி.என்.டி. என்றால் வினாடிக்குச் சுமார் 7 கிலோமீட்டர். இவர் வீட்டு வாசலிலிருந்து பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில் நேர்கோட்டில் நாலு கிலோமீட்டர் இருக்கும். ஒரு வினாடிகூட வேண்டாம்.

"கப்பல் ரெண்டு மணி நேரத்துக்கு மேலே சும்மா எரிஞ்சுதே, ஐயா?"

"அதுதான் விபரீதம். எரியறது வெடிக்கிறதா மாறும். அடைபட்ட இடத்திலே அழுத்தம் ஏற ஏறச் சின்னச் சின்ன அலைகள் கிளம்பும். முதல்லே போனது சூடாக்கி வெச்ச பாதையிலே பின்னாலே வர்றது இன்னும் வேகமாப் போகும். எல்லாம் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு ஒரே சுவராயிடும்." குழாயில் அடைத்த வாயுவில் தீ இப்படித் திடீரென்று தாவுவதை 1881-இலேயே பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்களாம். அதற்கும் முன்னால், கணக்கு எதுவும் தெரியாமலே, சின்னக் குப்பி ஒன்றின் அதிர்ச்சியால் நைட்ரோகிளிசரினை வெடிக்கச் செய்தவர் ஆல்பிரட் நோபல். 1864-இல் ஸ்டாக்ஹோமில் அவர்கள் கொட்டகை வெடித்தபோது தம்பி எமிலைப் பறிகொடுத்தார்.

முன்கட்டில் தறி நின்றது. நூல் அறுந்திருக்க வேண்டும்.

கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவருடைய தொழிற்சாலையிலும் ஒருநாள் ஒரு கட்டடம் போயிற்று. உள்ளே இருந்தவன் அவரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன், இருபத்தைந்து வயது. தாயார் கிராமத்திலிருந்து வந்து மூன்று நாள் கேட்டண்டையே உட்கார்ந்திருந்தாள். யாரையும் திட்டவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை. இவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: அம்மா என்று கூப்பிட்டானா?

"நரம்பிலே சேதி ஓடுறது மிஞ்சினா வினாடிக்கு நூறு மீட்டர் சொச்சம். வலியைச் சொல்ற நரம்பு இன்னும் மெதுவு. அலை அதைப் போலப் பல மடங்கு. கூப்பிட நேரமே இல்லை, அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லலை, தம்பி. கணக்குப் படி சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"தெரியாது. எழுந்து ஊருக்குப் போயிட்டாங்க." காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க கதையிலே அவர் திரும்பிப் பார்த்து, மகளை நினைச்சுக் கை கூப்பறாரே, அதை அந்தம்மா படிச்சா என்ன ஆகும்னு தோணிச்சு. அதான் எழுதினேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சும்மா இருப்பதற்குப் பதிலாக, இந்த ஊரை அடுத்த குருவிமலையில் 2023-ஆம் வருஷம் மார்ச் 22-ஆம் தேதி பட்டாசுக் கிடங்கு வெடித்ததைப் பற்றிக் கேட்டு வைத்தேன். அங்கேயும் அப்படித்தானே, யாருக்கும் தெரிந்திருக்காதே?

அவர் தலையை ஆட்டினார். "அது பட்டாசு மருந்து. எரியற ஜாதி. அங்கே நேரம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் செத்தவங்களும் உண்டு. அந்தத் தாயாருங்க யாராவது வந்து கேட்டா, என்கிட்டே கணக்குக் கிடையாது."

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. மத்தியானம் ஆகிவிட்டது, கடையிலிருந்து இரண்டு தரம் போன் வந்துவிட்டது. வாசல் வரை வந்தவர், "பாவு, பாத்துப் போங்க" என்றார்.

இரண்டாம் பதிப்பில் அந்த இடத்தை மாற்றினேன். இப்போது குமாஸ்தா எந்தச் சத்தத்தையும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்பவனிடம் வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்கிறார். அத்தியாயம் அங்கே நின்றுவிடுகிறது. நன்றாக அழவைத்த இடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் தினுசு கடிதங்கள்தான். ஆனாலும் இன்னும் பதில் எழுதவில்லை.