ரிச்சி ஸ்ட்ரீட்டில் அஞ்சரைக் கட்டை!

உங்க வீட்டுப் பரண்ல பழைய கேசட் ஏதாவது தூங்கிக்கிட்டு இருக்கா பாஸ்? திருச்சி உறையூர்ல எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு இருந்தது. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க ஏறினப்போ, மாமாவோட ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்து விழுந்தது. மேல பால்பாயின்ட் பேனாவில் '1987' என்று மட்டும். உள்ளே இருந்த அட்டையில் மாமாவின் கையெழுத்து: '1 - எல்லாம். 2 - காலி. 3 - அக்கா. 4 - அக்கா.'

அக்கா என்றால் எங்க அம்மா. மாமா 2016-ல் தவறிவிட்டார். கேட்க ஆள் இல்லை. அம்மாவிடம் கேட்டால், "ஏதோ பாட்டுடா. உங்க மாமா சிங்கப்பூர்லேர்ந்து ஒரு மெஷின் கொண்டாந்தான், அதுல பிடிச்சது. கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி" என்றதோடு குழம்பைக் கிளறப் போய்விட்டாள். அம்மா பாடுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்!

வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டேன். ஆர்மோனியமும் தபேலாவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்து இழுத்து வந்தது. பாட்டு இல்லை. திருப்பிப் போட்டேன். ஒரு பெண் குரல்... ஆனால் தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. யாரோ பாட்டை வாய்க்குள் இழுத்து விழுங்குவது போல ஒரு சத்தம். ராத்திரி நேரத்தில் கேட்டிருந்தால் கண்டிப்பாக வேப்பிலை தேடியிருப்பேன்.

ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன் விஸ்காம். அட்டையைப் பார்த்ததும், "மச்சி, இது நாலு டிராக் கேசட்டுடா" என்றான். சாதா கேசட்டில் டேப்போட அகலம் 4 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதிலேயே நாலு கோடு ஓடும். 'ஏ' பக்கத்துக்கு ரெண்டு, 'பி' பக்கத்துக்கு ரெண்டு. 1979-ல் டாஸ்காம் கம்பெனி 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்று ஒரு பெட்டியை விட்டது. அது நாலு கோட்டையும் ஒரே திசையில் எழுதும், தனித்தனியாக. முதலில் தபேலா, அதைக் கேட்டுக்கொண்டே ஆர்மோனியம், அதுக்கும் மேல குரல். பெரிய ஸ்டுடியோவில் மட்டும் நடந்த வேலை படுக்கையறைக்கு வந்துவிட்டது! அமெரிக்காவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் விட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், அவர் வீட்டில் உட்கார்ந்து அந்த 144-ல் பதிவு செய்ததுதான்.

அதனால்தான் நம்ம வீட்டு செட்டில் திருப்பிப் போட்டதும் அம்மா தலைகீழாகப் பாடினாள். இழுவைக்குக் காரணம் வேகம். சாதா கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். இது அதில் இரண்டு மடங்கு. 60 நிமிஷ கேசட்டில் 15 நிமிஷம்தான் பதியும். மாமா அந்த 15 நிமிஷத்தில் என்னத்தைப் பதிந்தார் என்று தெரிய வேண்டுமானால், அதே மாதிரி மெஷின் வேண்டும். மாமாவின் மெஷின் எந்தக் காலத்திலோ கைமாறிப் போயாச்சு.

நாலு மாசம் தேடினேன். கடைசியில் கிடைத்தது மூர் மார்க்கெட்டில். சென்ட்ரல் பக்கத்திலிருந்த பழைய மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. இப்போ நாம் போவது அதுக்குப் பதிலாக வந்த அல்லிக்குளம் வளாகம். இசைத்தட்டு, ஓடாத கடிகாரம், மூடி இல்லாத கேமரா, இதுக்கெல்லாம் நடுவில் ஒரு டாஸ்காம் 244! 144-க்கு அடுத்து வந்த அண்ணன். கோடம்பாக்கத்தில் மூடிப்போன சின்ன ரெக்கார்டிங் ரூமிலிருந்து வந்ததாம். "ஓடுமாண்ணே?" என்றேன். "ஓடினா இந்த வெலைக்கு வருமா தம்பி?" என்றார் கடைக்காரர். நியாயம்தானே. ஆறாயிரத்து ஐநூறு. செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்ததில் ஓட்டை. (இந்த வரியை அப்பா படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், அரசினர் தோட்டம். மடியில் மெஷின். எதிர் சீட் பாட்டி, "என்னப்பா, தையல் மெஷினா?" என்றார். மேலே ஏறி அண்ணா சாலையைத் தாண்டினால்... ரிச்சி ஸ்ட்ரீட்!

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பாதிக்கு மேல் பிறக்கிற ஊர் இது. மத்தவங்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்று முடிச்சுப் போட்டுக்கொண்ட ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டரைத்தான் பார்க்கலாம். மத்த நாளில் கால் வைத்ததுமே, "சார், லேப்டாப் சார்ஜர்? சிசிடிவி? என்ன வேணும் சார்?" என்று பத்துக் குரல். நான் "கேசட் பெல்ட்" என்றதும் பத்தும் அப்படியே ஆஃப் ஆயிடுச்சு.

இந்தப் பகுதி சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1734-ல் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பேட்டை. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனதாகச் சொல்வார்கள். அன்னைக்கு நூல் ஓடின இடத்துக்குப் பக்கத்தில் இன்னைக்கு நான் டேப் ஓட வைக்க அலையறேன்.

ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைப் பையனுக்கு டேப் ரெக்கார்டர் என்றால் போனில் இருக்கும் ஆப். எட்டாவது கடையில் ஒரு பெரியவர், "மாடிக்குப் போ. பாய் இருப்பார்" என்று ஒரு சந்தைக் காட்டினார். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே, டியூப்லைட் வெளிச்சத்தில், ஆணியில் கொத்துக் கொத்தாக ரப்பர் பெல்ட் தொங்க, வெள்ளைத் தாடியுடன் பாய். மெஷினைப் பார்த்ததும் சால்ட்ரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார். "இதைப் பார்த்து எத்தினி வருசமாச்சு!"

அதுக்கப்புறம் மூணு சனிக்கிழமை அந்த மாடியில்தான் எனக்குக் காலேஜ்.

பின்பக்கம் 220 வோல்ட் என்று இருந்ததைப் பார்த்து, "தப்பிச்சே. அமெரிக்கா மாடலா இருந்து நேரா சொருகியிருந்தா புகைதான்" என்றார். மூடியைக் கழற்றினோம். மோட்டார் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு தார். பழைய ரப்பர் அப்படித்தான் உருகிவிடுமாம். கையில் பட்டால் மூணு நாள் போகாது, என் வெள்ளைச் சட்டை சாட்சி. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து, புல்லி புல்லியாகத் துடைத்தேன். அந்த ஒரு வேலைக்கே ஒரு மதியம் போனது.

பெல்ட்டே இல்லாதபோது அளவு எப்படி எடுப்பது? பாய் ஒரு நூலை எடுத்து மோட்டாரையும் சக்கரத்தையும் சுற்றிக் கட்டினார். அந்த நீளத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, ஆணியிலிருந்து ஒன்றை உருவினார். இறுக்கமாகப் போட்டால் மோட்டார் திணறும், லூசாகப் போட்டால் பாட்டு தள்ளாடும். பவர் சப்ளையில் ரெண்டு கண்டன்சர் வயிறு உப்பியிருந்தது. கீழே கடையில் வாங்கிவந்து மாற்றினோம். கன்ட்ரோல்களைத் தள்ளினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். கிளீனர் ஸ்ப்ரே அடித்து இருபது தடவை மேலும் கீழும் தள்ளியதும் அடங்கியது.

ஹெட் விஷயத்தில் மட்டும் என்னைத் தொடவே விடவில்லை. வருஷக்கணக்கில் டேப் உரசி உரசி ஹெட்டில் காந்தம் ஏறிவிடும். அதை எடுக்காமல் ஓட்டினால், ஓடுகிற டேப்பில் இருக்கும் மேல் ஸ்தாயி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும். டீமேக்னடைசரை தூரத்திலேயே ஆன் பண்ணி, மெதுவாகக் கிட்டே கொண்டுபோய், மெதுவாக விலக்கி, தூரம் வந்த பிறகுதான் ஆஃப் பண்ணினார். "கிட்டக்கயே ஆஃப் பண்ணினா, எடுத்த காந்தத்தை நீயே திருப்பிக் குடுத்த மாதிரி."

மூணாவது சனிக்கிழமை. விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது. எனக்கோ கை பரபர. மாமா கேசட்டை நீட்டினேன். பாய் வாங்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டு கேசட்டை எடுத்தார். "முதல்ல பலியாடு."

ப்ளே. இரண்டு மடங்கு வேகம் இல்லையா, பாட்டு எலிக்குரலில் வந்தது. மறுபக்கப் பாட்டும் தலைகீழாகக் கலந்து கேட்டது. நாங்க சிரித்து முடிப்பதற்குள் 'கிர்ர்ர்'. திறந்தால், உள்ளே இடியாப்பம்! டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டிய ரீலின் ரப்பர் வளையம் வழுக்கிவிட்டது. வெளியே வந்த டேப்புக்குப் போக இடமில்லாமல் ரோலருக்குள் சிக்கி, ஒரு அடி நீளத்துக்குக் கசங்கிக் கிடந்தது.

என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. அது மாமா கேசட்டாக இருந்திருந்தால்? இதுக்கு காப்பி இல்லை, பேக்கப் இல்லை, க்ளவுட் இல்லை. உலகத்திலேயே ஒண்ணே ஒண்ணு. ஆயிரம் போட்டோ எடுத்து எதையும் திரும்பிப் பார்க்காத நமக்கு இந்த பயம் புதுசு மக்களே.

அந்த ரப்பர் வளையத்தை மாற்றி, இறுகிப்போன ரோலரைப் பொடி எமரியில் லேசாகத் தேய்த்து, பலியாட்டை முழுசாக நாலு தடவை ஓடவிட்ட பிறகுதான் மாமா கேசட்டைக் கையில் வாங்கினார். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்ன பஞ்சுத் துண்டு, பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூ போட்ட வேறொரு கூட்டுக்கு அந்த டேப் சுருளை அப்படியே மாற்றினார். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, புதுக் கூட்டின் முதுகிலிருந்த ரெண்டு காதையும் ஸ்க்ரூ டிரைவரால் 'டக் டக்'கென்று உடைத்தார். "இனிமே தப்பித்தவறி ரெக்கார்ட் பட்டன் பட்டாலும் அழியாது."

அங்கேயே போட்டுக் கேட்டுவிடலாம்தான். ஆனால் முதல் தடவை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பாய் அதுக்கு ஒண்ணும் சொல்லவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: "ஸ்பீடு குத்துமதிப்பாத்தான் வெச்சிருக்கேன். 3000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டேப் போட்டு செட் பண்ணணும், எங்கிட்ட இல்ல. பாட்டு எந்தக் கட்டைன்னு தெரிஞ்சவங்க இருந்தா கேட்டு திருப்பிக்க." கூலி கேட்டேன். பெல்ட்டுக்கும் கண்டன்சருக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் மெஷினுக்கு லோயர் பெர்த், எனக்கு அதன் கால்மாட்டில் இடம். மறுநாள் காலை உறையூர் வீட்டு ஹாலில் நாலு ஒயரை இழுத்து, ரூம்மேட் கொடுத்த யூஎஸ்பி பெட்டி வழியாக லேப்டாப்பில் சொருகினேன். நாலு டிராக்கும் தனித்தனியாக ஏறும். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே வந்து உட்கார்ந்தாள், பார்க்காத மாதிரி.

ப்ளே.

முதலில் மாமா. "அக்கா, ரெடியா?" ஒரு இருமல். தபேலா, ஆர்மோனியம், கிடார் மூன்றும் ஒன்றாக வந்தன. தனித்தனியாக வாசித்து, எல்லாவற்றையும் ஒன்றாம் டிராக்குக்கு மாற்றி, மற்றதைக் காலி பண்ணியிருக்கிறார். நாலே டிராக் என்றால் அப்படித்தான். ஒரு முறை கலந்துவிட்டால் பிறகு தபேலாவைக் குறைக்க முடியாது. அங்கேயே முடிவெடுக்க வேண்டும். போனில் நூறு டிராக் வைத்துக்கொண்டு ஒரு பாட்டையும் முடிக்காத என் கேங்குக்கு இதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

அப்புறம் அம்மா. 21 வயசு அம்மா. மாமாவே போட்ட மெட்டாம். நாலாம் டிராக்கில் பாடுகிறாள், மூன்றாம் டிராக்கில் அவளே அவளுக்குக் கோரஸ். நடுவில் ஒரு இடத்தில் வரியை மறந்து சிரித்துவிட்டு, அதே மூச்சில் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தச் சிரிப்பு எங்க வீட்டில் நான் கேட்டதே இல்லை.

திரும்பினேன். அம்மா கீரையை நிறுத்தியிருந்தாள். முகம் சுளித்திருந்தது. பிடிக்கவில்லையோ என்று பயந்துபோனேன்.

"இறங்கியிருக்குடா" என்றாள்.

"என்னம்மா?"

"சுதி. நான் அஞ்சரைக் கட்டையில பாடினேன். இது அஞ்சுல நிக்குது."

37 வருஷத்துக்கும் மேலே ஆச்சு! நிஜமாவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து, பரணிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கச் சொன்னாள். துருத்தி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு அஞ்சரைக் கட்டையை அமுக்கினாள். நான் மெஷினில் பிட்ச் கன்ட்ரோலைத் திருகினேன். இன்னும் கொஞ்சம். இல்ல, ஏறிடுச்சு. ரொம்ப லேசா... ம். அம்மா தலையாட்டினாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைக் கட்டை என்றால் வேகத்தில் சுமார் 6 சதவிகிதம். டேப் விநாடிக்கு அரை சென்டிமீட்டர் குறைவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அரை சென்டிமீட்டரை எங்க அம்மா காதால் அளந்துவிட்டாள்.

ரீவைண்ட் பண்ணி, சரியான வேகத்தில் ஒரே மூச்சில் லேப்டாப்பில் ஏற்றினேன். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் 'ஸ்ஸ்ஸ்' என்று டேப் ஓடியது. அம்மா மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குது. இன்னொரு தடவை பாடறேன்னு சொன்னேன், போதும்க்கான்னுட்டான். ஏன்டா, அதுல ஒண்ணு காலின்னு எழுதியிருந்தானே?"

"டிராக் ரெண்டு. ஆனா அதுல ரெக்கார்ட் பண்ண முடியாதும்மா. பாய் ரெண்டு காதையும் உடைச்சுட்டாரு."

"செல்லோ டேப் ஒட்டினா ஆகும்டா. எங்களுக்கா சொல்லித் தர்றே?" என்று அம்மா மேஜை டிராயரைத் திறந்தாள்.