பிழைத்தவன் சொன்ன கதை

எனக்குப் பதினாறு வயதானபோது என்னைப் பாம்பு கடித்தது. அணைக்கட்டுக்குப் பக்கத்தில் எங்கள் மல்லாட்டைக் கொல்லை. அந்தி மயங்கும் வேளையில் வரப்பின்மேல் வந்துகொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே சுருக்கென்றது. புல்லுக்குள் ஏதோ நெளிந்து மறைந்தது. அது என்ன பாம்பு என்று நானும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை.

அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியரிடம் ஓடினார். வைத்தியர் சிறியாநங்கை இலையைக் கிள்ளி என் வாயில் போட்டு, "கசக்குதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அந்தப் பயத்தில் எனக்கு எதுதான் கசந்திருக்கும்! "விஷம் ஏறியிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பச்சிலையை அரைத்துப் புகட்டினார். இரவு முழுவதும் தூங்கவிடாமல் உட்கார வைத்தார். பொழுது விடிந்தது. நான் பிழைத்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் நான் ஒரு சாட்சியாகிவிட்டேன். டீக்கடைப் பெஞ்சில் என்னைப் போல ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு விரலில் கடி, இன்னொருவருக்குக் குதிகாலில். எல்லாருக்கும் அதே வைத்தியர், அதே பச்சிலை. பேச்சு பாம்பின் பக்கம் திரும்பிவிட்டால் போதும், ஆளுக்கொரு கதை வரும். என் கதைக்கு மவுசு அதிகம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பாம்பு ஒரு முழம் வளர்ந்தது என்பதைத் தவிர, நான் சொன்னதில் பொய் இல்லை. கடித்தது உண்மை, பச்சிலை உண்மை, பிழைத்ததும் உண்மை.

பல வருஷங்களுக்குப் பிறகு, அடுத்த தெருவில் ஒரு பையன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்து வந்தான். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவன், விடியும் முன்பே வயிற்றை வலிக்கிறது என்று எழுந்தான். சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரிந்தன. பாயைப் புரட்டினார்கள். அடியில் கட்டுவிரியன். அவனை எடுத்துக்கொண்டு ஓடினார்கள், வேலூருக்கு அல்ல, அதே வைத்தியரிடம். பச்சிலை புகட்டிப் பார்த்து, அது தொண்டையில் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வேலூருக்கு வண்டி பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன் மூச்சு நின்றுவிட்டது.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவன் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பொழச்ச எடமாச்சேன்னுதான் தம்பி அங்க கூட்டிக்கினு போனோம்" என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த டீக்கடைப் பெஞ்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பிழைத்தவர்கள். பிழைக்காதவன் டீ குடிக்க வருவானா? நம் வயல்வெளியில் திரியும் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. விஷமுள்ள பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போவதுண்டு. அப்படிக் கடிபட்டவர்கள் பச்சிலை குடித்தாலும் பிழைப்பார்கள், பச்சைத் தண்ணீர் குடித்தாலும் பிழைப்பார்கள். நானும் அந்த ரகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நாங்கள் ஏழு பேரும் உண்மையே பேசி, ஏழு பேருமாகச் சேர்ந்து ஊரை ஏமாற்றியிருக்கிறோம்.

சரி, பெஞ்சை நம்ப வேண்டாம், ஆஸ்பத்திரிக் கணக்கை நம்பலாம் அல்லவா என்று பிறகு நினைத்தேன். அதிலும் ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களைப் பற்றி 2011இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதைச் செய்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கவில்லை. நாடெங்கும் குலுக்கல் முறையில் பொறுக்கி எடுத்த 6,671 இடங்களில், 2001 முதல் 2003 வரை சாவு விழுந்த வீடுகளுக்கே ஆள் அனுப்பி, "எப்படி இறந்தார்?" என்று கேட்டு எழுதிய விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்குப்படி 2005ஆம் வருஷத்தில் மட்டும் பாம்பு கடித்து இறந்தவர்கள் ஏறக்குறைய 46 ஆயிரம் பேர். ஆஸ்பத்திரிகள் சொல்லி வந்த கணக்கைப் போல இது 30 மடங்குக்கும் மேல்! காரணம் எளியது. இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே இறந்திருந்தார்கள். 100க்கு 97 பேர் கிராமத்தார்.

எங்கள் அணைக்கட்டுப் பக்கத்திலேயே அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே ஒரு பச்சைக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மலையிலிருந்து இறங்கச் சரியான சாலை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. திரும்பும்போதும் பாதி வழிக்கு மேல் வண்டி போகவில்லை. பெற்றவளே உடலைச் சுமந்து நடந்தாள். பத்திரிகைகள் எழுதியதால் அந்தச் சாவு நாட்டுக்குத் தெரிந்தது. எழுதப்படாமல் போனவை எத்தனையோ!

2024 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல காரியம். இனிமேல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கணக்கு விட்டுப் போகாது. ஆனால் மலையிலேயே நின்றுவிட்டவரின் கணக்கு?

நோயாளிகள் பேசுவதை ஆராய்ச்சிக்காரர்கள் கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வண்டி கிடைக்காத கதையும், கையில் காசில்லாத கதையும், வைத்தியர் வீடு பக்கமாகவும் ஆஸ்பத்திரி தூரமாகவும் இருந்த கதையும் டாக்டருடைய நோட்டில் இருக்காது, ஜனங்களின் வாயில்தான் இருக்கும். அந்தப் பெரிய ஆராய்ச்சியும் வீட்டார் வாய்மொழியை வைத்துத்தான் நடந்தது. வித்தியாசம் ஒன்றுதான். தாமாக வந்து பேசியவர்களோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை, வாய் திறக்க ஆள் இல்லாமல் போன வீட்டுக் கதவையும் தட்டினார்கள்.

ஊருக்குப் போனால் இன்றும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி இளவட்டங்கள் என்னைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சொல்லத்தான் சொல்கிறேன். ஆனால் நான் பிழைத்த இடத்தோடு கதையை முடிப்பதில்லை. ஷூ கம்பெனிப் பையனின் கதையையும் சேர்த்துச் சொல்லி, "கடித்தால் நேரே வேலூருக்குப் போங்கள்" என்று முடிக்கிறேன். முன்பு போல யாரும் அதை ரசிப்பதில்லை. பாதியில் எழுந்து போகிறவர்களும் உண்டு.

போகட்டும். அவன் தரப்பைச் சொல்ல அந்தப் பெஞ்சில் வேறு யார் இருக்கிறார்கள்?