மலைமேல் நான்கு நாள்

மலையை ஏட்டில் அறிதல் வேறு. மலைமேல் நின்று காண்டல் வேறு. தமிழ் பயிலும் மாணாக்கராகிய நாம் பெரும்பாலும் முன்னதோடு மனநிறைவு கொள்கின்றோம். குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள் யாவை என எவரேனும் வினவின், தேனும் தினையும், வேங்கையும் காந்தளும், மஞ்ஞையும் மந்தியும் எனத் தடையின்றி அடுக்குவோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொகுத்துரைத்த 99 மலர்களின் பெயரையும் தேர்வின்பொருட்டு நெட்டுருச் செய்தோர் எம் வகுப்பில் உளர். எனினும், அவற்றுள் பத்து மலரையேனும் கொடியிலும் கொம்பிலும் கண்டு, ‘இஃது இன்னது’ எனச் சுட்டவல்லார் எத்துணைப் பேர்?

இவ்வினா எம் நெஞ்சை நெடுநாள் உறுத்தியதன் பயனாகவே, சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர் ஒன்பதின்மரும் ஆசிரியர் ஒருவருமாகப் பழனிமலையின் மேற்குப் பகுதியில் நான்கு நாள் கூடாரமடித்துத் தங்கி வந்தோம். அந்நான்கு நாளிற் கண்டவற்றுள் சிலவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதர் காலடி படாத இடத்தை நாடிச் செல்லும் வேட்கை இன்று உலகெங்கும் பெருகியுள்ளது. வட அமெரிக்காவின் அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கே, 1980ஆம் ஆண்டில் அமைந்த ‘கேட்ஸ் ஆப் தி ஆர்க்டிக்’ என்னும் தேசியப் பூங்கா ஒன்றுண்டு. அதனுள் சாலை இல்லை. வகுத்த நடைபாதையும் இல்லை. செல்வோர் சிறு விமானங்களில் ஏறி, ஏரிநீரின்மேலோ ஆற்றங்கரைக் கூழாங்கற்பரப்பின்மேலோ இறங்கி, வழிகாட்டி ஒருவருடன் கூடாரமிட்டுத் தங்குவர். அச்செய்தியைப் படித்தபோது எம்முள் ஒருவர், “நம் நாட்டில் அத்தகைய இடம் ஏது? எங்கு நோக்கினும் மக்கட்கூட்டமே” என்று பெருமூச்செறிந்தார். அதற்கு எம் ஆசிரியர், “விமானம் வேண்டா, பேருந்தே போதும். கொடைக்கானலைக் கடந்து மேற்கே செல்லுங்கள்” என்று நகைத்துக் கூறினார்.

கொடைக்கானலின் வரலாறு நம்மனோர்க்குப் புதிதன்று. 1834இல் தொண்டு தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் வெப்பத்திற்கும் கொள்ளைநோய்க்கும் தம்மவர் பலரை இழந்தபின், 1845இல் அம்மலைமேல் முதல் இரு வீடுகளை எழுப்பினர். மலைச்சாலை 1914இல் திறக்கப்படும்வரை, மேலேறியோர் குதிரைமீதும் டோலியிலுமே சென்றனர். வீடு கட்டினோர் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்களையும், அவர்தம் பெட்டி படுக்கைகளையும், 7,000 அடி உயரத்திற்குத் தோளிற் சுமந்து ஏறிய தமிழர் பெயர்களோ எங்கும் இல்லை. அம்மலையின் வழிகளை முதலில் அறிந்திருந்தோர் அவர்களேயன்றோ? இவ்வெண்ணம் அந்நான்கு நாளும் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

கொடைக்கானலினின்று ஜீப் வண்டியில் புறப்பட்டு, பூம்பாறையின் படிக்கட்டுக் கழனிகளையும் அவற்றில் விளைந்த பூண்டினையும் கண்டு, மன்னவனூர் கடந்து, கவுஞ்சிக்கு அப்பால் ஒரு சிற்றூரை அடைந்தோம். ஊராருக்குரிய பட்டா நிலத்தில், காட்டின் விளிம்பில், ஓர் ஓடையருகே கூடாரமடிக்க இசைவு பெற்றிருந்தோம். காட்டினுள் நடப்பதற்கு வனத்துறையின் அனுமதியும், உடன் வரும் வழிகாட்டியும் இன்றியமையாதன. அடுத்துள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்த துயரத்தை யாவரும் அறிவர். அதன்பின் விதிகள் இறுகின, அவ்விறுக்கம் நன்றே.

எமக்கு வாய்த்த வழிகாட்டி எழுபதை அணுகிய முதியவர். அவரை ‘ஐயா’ என்று அழைத்தோம். அவர் எம்மைத் ‘தம்பி’ என்றார். மெலிந்த உடல், தோளில் ஒரு கம்பளி, கையில் ஒரு கோல். பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவர் என்று பின்னர் அறிந்தோம்.

முதல் நாள் மாலை, கூடாரத்திற்கு மேலுள்ள மேட்டில் நின்று நாற்புறமும் நோக்கினோம். ஒருபுறம், வானளாவி நெருங்கி நின்ற மரக்கூட்டம். மறுபுறம், மரமே இல்லாத வெறும் புற்சரிவு. அதன் மடிப்புகளில் மட்டும் கரும்பச்சைத் திட்டுகளாகக் குறுமரங்கள். மரக்கூட்டத்தைச் சுட்டி, “ஆ! எத்துணைப் பழங்காடு!” என்று வியந்தார் எம் நண்பர். ஐயா சிறிது நேரம் வாளா இருந்தார். பின், “தம்பி, அது காடு இல்லை, தோட்டம். புல்லாய்க் கிடக்கிறதே, அதுதான் காடு” என்றார்.

எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் எம்மை அம்மரக்கூட்டத்தினுள் அழைத்துச் சென்றார். பைன் மரங்களின் கீழே உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோற் கிடந்தன. அவற்றினூடே பூண்டொன்றும் முளைக்கவில்லை. பறவையின் குரலும் கேட்டிலது. அதனை அடுத்து, நீலகிரியிற் சீகை மரம் எனப்படும் வாட்டில் மரங்கள் நெருங்கி நின்றன. இவை ஆஸ்திரேலியாவினின்று வந்தவை. இவற்றின் பட்டை தோல் பதனிடுவதற்குப் பயன்படுவது. விறகுக்கும் தோல் தொழிலுக்கும் வேண்டுமென்று, பயனற்ற வெறுநிலம் எனக் கருதப்பெற்ற புற்சரிவுகளில் இவற்றைப் பல்லாண்டு நட்டனர்.

“நட்டவர் யார், ஐயா?” என்று கேட்டேன்.

தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். “இந்தக் கைதான். இருபது வயதில் கூலிக்குக் குழி வெட்டி நட்டேன். அன்றைக்குக் கஞ்சிக்கு வழி அது. மரம் நடுவது புண்ணியம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்” என்றார். அவர் குரலில் கழிவிரக்கமும் இல்லை, சினமும் இல்லை. தாம் கண்டதைக் கண்டவாறு கூறினார். தம் இளமையில் கோடையிலும் நீர் ஒழுகிய ஊற்று இன்னது என ஓரிடத்தைக் கோலாற் சுட்டினார். அங்கே காய்ந்த சருகே கிடந்தது.

ஊர் திரும்பியபின் நூல்களைப் புரட்டினேன். ஐயா கூறியதை ஆராய்ச்சியாளரும் வேறு வழியாற் கண்டுள்ளனர். செயற்கைக்கோள் படங்களைக்கொண்டு 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனிமலையின் மேட்டுப் புல்வெளிகளுள் மூன்றில் இருபங்கு மறைந்தொழிந்தது என்கிறது. புல்லும் சோலையும் இணைந்த இந்நிலம் மழைநீரை உள்வாங்கிச் சிறிது சிறிதாக விடுப்பது. வடசரிவின் நீர் அமராவதியையும், தென்சரிவின் நீர் வைகையையும் நாடிச் செல்கின்றது. ஆகவே, மலைமேல் ஒரு புற்சரிவு அழிதல் மலையோர்க்கு மட்டும் உரிய இழப்பன்று. மதுரையில் குடம் ஏந்தி நிற்பார்க்கும் உரியதாம். அயல்மரங்களை ஒருங்கே வெட்டிவிடுதலும் எளிதில் முடியும் செயலன்று. வாட்டிலின் விதைகள் மண்ணுள் பல்லாண்டு உறங்கிக்கிடந்து, வெட்டியவுடன் வெள்ளம்போல் முளைத்தெழும். சில இடங்களில் அயல்மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைகாட்டுவதும் உண்டு. இன்ன இடத்தில் வெட்டுக, இன்ன இடத்தில் காத்திருக்க என்று அறிதற்கு, அந்நிலத்தைக் கை அறிந்தார்போல் அறிந்தோர் வேண்டும்.

இன்னுமொன்று. மலைமடிப்புகளில் நிற்கும் இக்குறுங்காடுகளை உலகத்து அறிஞர் ‘ஷோலா’ என வழங்குகின்றனர். அச்சொல் நம் ‘சோலை’யே. நம் சொல் கடல் கடந்து அறிவியல் நூல்களில் வாழ்கின்றது; அச்சொல்லுக்குரிய பொருளோ நம் மலையிலேயே தேய்கின்றது.

இரண்டாம் நாள் அதிகாலை, சோலையின் ஓரத்தில் கூட்டமாய் நகைத்தாற்போன்ற ஒலி எழுந்தது. அது சிரிப்பான் என்னும் சிறு பறவையின் குரல். பழனிமலைக்கும் அதனை அடுத்த சில மலைகளுக்குமே உரிய அவ்வினத்தை, 1869இல் பிளான்போர்டு என்னும் அறிஞர் உலகிற்கு விளக்கினார். அதற்கு அவர் இட்ட அறிவியற்பெயர், இம்மலையில் அதனைத் திரட்டிய ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மிஷனெரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஐயாவுக்கு அப்பெயர் தெரியாது. ஆயின், அப்பறவை எந்தப் பழம் கனியும் காலத்தில் எந்தப் புதரை நாடும் என்பது தெரியும். இருவகை அறிவும் ஒருங்கு கூடினாலன்றோ பறவையை முழுதும் அறிந்தவராவோம்?

அன்று மாலை நேர்ந்ததைச் சொல்லாதிருத்தல் இயலாது. நடந்து களைத்துத் திரும்புகையில், கூடாரத்திற்கு ஒரு கூப்பிடு தொலைவே எஞ்சியிருந்தபோது, பள்ளத்தாக்கினின்று மஞ்சு எழுந்து எம்மைச் சூழ்ந்தது. முன்னே செல்வோர் முதுகும் தெரியவில்லை. ஐயா கோலை ஊன்றி, “உட்காருங்கள்” என்றார். குளிர் எலும்பைத் துளைத்தது, தூறலும் சேர்ந்தது. “இன்னும் நூறு அடிதானே, ஐயா! போய்விடலாமே” என்று பலரும் வேண்டினர். அவர் ஒரு சொல்லும் மறுமொழி கூறாது, காற்று வீசும் திசைக்கு முகம் கொடுத்து அமர்ந்திருந்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அவ்வாறே இருந்தோம். நண்பர் ஒருவருக்குப் பற்கள் கிடுகிடுத்தன; உதடுகள் வெளிறின. ஐயா தம் தோளிலிருந்த கம்பளியை எடுத்து அவர்மீது போர்த்தினார். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் இம்மலைக்கே தலைவன் என்பதை அப்போது நினைந்தேன். பேகனுக்கு வேறு போர்வைகள் இருந்திருக்கும். இவருக்கு இருந்தது அவ்வொன்றே.

பின்னர் மஞ்சு மெல்ல விலகியது. எமக்கும் கூடாரத்திற்கும் இடையே, நாங்கள் நடக்கவிருந்த அப்பாதையின்மீதே, பதினொரு காட்டுமாடுகள் கன்றுகளுடன் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. எவரும் மூச்சுவிடவில்லை. அவை தம் விருப்பப்படி மேய்ந்து, ஒவ்வொன்றாய்ச் சரிவில் இறங்கி மறைந்தன. “வாடை வந்தது; அதனால் உட்கார்ந்தேன்” என்று மட்டும் கூறி, ஐயா எழுந்து நடந்தார். அன்றிரவு தீயின் அருகில் அமர்ந்து வெந்நீர் பருகியபோது, நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோமேயன்றி யாதும் பேசவில்லை.

மூன்றாம் நாள் வானம் தெளிந்திருந்தமையால், நான்காம் நாள் விடியலில் புல்நுனி ஒவ்வொன்றிலும் உறைபனி படிந்து, சரிவு முழுவதும் உப்பளம்போல் வெளுத்திருந்தது. அச்சரிவில் முழங்காலளவு உயர்ந்த புதர்களைக் காட்டி, “குறிஞ்சி” என்றார் ஐயா. பூவில்லை, தடித்த இலைகளே இருந்தன. இம்மலைகளில் 2006இலும் 2018இலும் மலர்ந்த குறிஞ்சி, பன்னிரண்டாண்டுக் கணக்கின்படி இனி 2030இல் மலர வேண்டும். 2018இல் நான் சிறுவன். மலரைக் காண எவரும் அழைத்துச் சென்றாரில்லை. “அடுத்த முறை நான் இருப்பேனோ, மாட்டேனோ, நீங்கள் வாருங்கள், தம்பி. சரிவு இருந்தால் பூ இருக்கும்” என்றார் அவர்.

இப்பயணத்தால் யான் தெளிந்தது இது: மனிதரற்ற வெற்றிடம் என்று நாம் தேடிச்செல்லும் நிலம் யாண்டும் வெற்றிடமன்று. முன்னர்க் கூறிய அலாஸ்காப் பூங்காவின் நடுவிலும் அனக்டுவுக் பாஸ் என்னும் ஊரில், கரிபூ மான்களைச் சார்ந்து வாழ்ந்துவந்த நுனமியுத் மக்கள் இன்றும் உறைகின்றனர். விமானத்தில் இறங்குவோர்க்கு வெறும் பனிவெளியாய்த் தோன்றுவது, அவர்க்கு ஒவ்வொரு மேடும் பள்ளமும் பெயர் பெற்ற வீடாகும். நம் மலையும் அத்தகையதே. அறியாதான் கண்ணுக்குப் புல் வெறுநிலம், தோட்டம் பழங்காடு, மஞ்சு வெறும் புகை. அறிந்தார் ஒருவர் உடனிருப்பின், அந்நிலமே எழுத்தெழுத்தாய்ப் படிக்கத்தகும் ஏடாகின்றது. உரையாசிரியர் இன்றேல் பழந்தமிழ் நூல்களுள் பலவற்றின் பொருள் நமக்கு எட்டாதன்றோ? மலைக்கும் உரையாசிரியர் உளர். அவர்தம் உரையோ ஏட்டில் எழுதப்படாதது, அவரோடு மறைவது.

ஆதலின், நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறையில் மலைக்குச் செல்வோர் ஏரியையும் கடைத்தெருவையும் கண்டு மீள்வதோடு அமையாது, அனுமதி பெற்று, அந்நிலத்து முதியவர் ஒருவரோடு இரண்டு நாளேனும் நடந்து வருக. குறிப்பேடு ஒன்றைக் கையிற் கொள்க. அவர் மரத்திற்கும் புல்லிற்கும் ஓடைக்கும் வழங்கும் பெயர்களை அவர் சொல்லியவாறே எழுதுக. தாவரநூல் பயில்வோர் அவற்றிற்குரிய அறிவியற்பெயரைச் சேர்க்க. தமிழ் பயில்வோர் பழம்பெயர்களோடு ஒப்பிட்டு நோக்குக. யான் எழுதிக் கொணர்ந்தவை நாற்பத்தாறு பெயர்கள். அவற்றுள் முப்பதுக்கு இன்னும் பொருள் காணவேண்டும். அக்குறிப்பேட்டைத் துறை நூலகத்தில் வைத்திருக்கின்றேன். மேலும் எழுதுதற்கு அதில் ஏடுகள் மிகுதியாய் உள.