மன்னர் மாளிகை மக்கள் மன்றமான கதை

கிரேக்கம் என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது குன்றின்மீது நிற்கும் பார்த்தினன் கோயிலே. ஏதென்ஸ் நகருக்குச் சென்றபோது நானும் அதனைக் காணவே விரைந்தேன். ஆயினும் என் நினைவைவிட்டு இன்றளவும் அகலாதது, சிண்டக்மா சதுக்கத்தின் கிழக்கே நிற்கும் பழைய அரண்மனையே ஆகும்.

பவேரிய இளவரசர் ஓட்டோ, விடுதலை பெற்ற கிரேக்கத்தின் முதல் மன்னராக 1833-இல் வந்திறங்கினார். அவருக்கென, பவேரியக் கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் வான் கெர்ட்னர் இதனை வடிவமைத்தார். 1836-இல் தொடங்கிய பணி 1843-இல் நிறைவுற்றது. தொன்மைக் கிரேக்கக் கலையைப் புதுக்கிய பாணி. முகப்பைத் தாங்கும் தோரிக் தூண்கள். ஆரவாரமற்ற மூன்று தளங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, தளபதி காலெர்கிஸ் தலைமையில் படைவீரரும், அவரோடு நகர மக்களும் அரண்மனை முன் திரண்டனர். அவர்கள் கேட்டது பொன்னன்று, பொருளன்று. ஓர் அரசியலமைப்புச் சட்டம். சாளரத்தில் தோன்றிய மன்னர் இறுதியில் இணங்கினார். 1844-இல் அச்சட்டம் பிறந்தது. சதுக்கமும் அதன் பெயரையே சூடிக்கொண்டது. 'சிண்டக்மா' என்றால் அரசியலமைப்பு என்பதே பொருள்.

பின்னர் 1909-இல் தீ இம்மாளிகையைச் சிதைத்தது. 1922-க்குப்பின் ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளுக்கு உதவிய அமைப்புகள் இதன் அறைகளில் இயங்கின. 1934-இல் மேலவையும், 1935-இல் நாடாளுமன்றமும் இங்குக் குடிபுகுந்தன. கேட்பவர் வெளியேயும் கொடுப்பவர் உள்ளேயும் நின்ற நிலை மாறி, கேட்டவரின் பேராளர்களே உள்ளே அமர்ந்தனர். எனினும் 1967 முதல் 1974 வரை இராணுவ ஆட்சி அம்மன்றத்தின் வாயை அடைத்தது. கட்டடம் நின்றது, குரல் இல்லை. கல்லும் தூணும் மட்டும் மன்றமாகா என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சதுக்கத்தின் படிகளில் அமர்ந்து இவற்றை எண்ணியிருந்த மாலையில், பழைய நிகழ்வொன்று என் உள்ளத்தைத் தைத்தது. வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, பாடல் ஒன்றுக்கு நான் கூறிய பொருள் பொருந்தவில்லை என்றார். "உட்காரும்" என்றேன். அமர்ந்தார். அவ்வாண்டு முழுதும் அவர் மீண்டும் வினவவே இல்லை. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று கருதியிருந்தேன். அரியணையில் இருந்த ஒருவர் சாளரத்திற்கு வந்து செவிசாய்த்தார். வகுப்பறை மேடையில் நின்ற நானோ செவிசாய்க்கவில்லை!

ஊர் திரும்பியதும் அம்மாணவருக்கு மடல் எழுதினேன்; அன்று அவர் கூறிய பொருளே சரியென ஒப்பினேன். எழுதி முடித்தபோது என் மனத்தின் பாரம் குறைந்தது. வினவுவோர்க்கு வழிவிடும் வாயிலே எந்த மாளிகைக்கும் அழகு, வகுப்பறைக்கும் அஃதே.